நீலம் ஏறாத சாவு

நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு முறை நேரில் போய்க் காட்டினால்தான் எனக்குப் பென்ஷன் வரும். இந்த முறை காட்டிவிட்டுத் திரும்பும்போது, கால் தானாக என் பழைய பிரிவின் பக்கம் போய்விட்டது. மும்பையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது என் இடத்தில் பிரியா என்று ஒரு பெண் இருக்கிறாள். தாராவியில் பிறந்தவள்; தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. புது இயந்திரத்தைக் காட்டுகிறேன் என்று உட்காரவைத்தாள். ஒரு சொட்டுத் திரவத்தை உள்ளே விட்டதும் அதிலிருந்த செல்கள் திரையில் புள்ளிகளாக வந்து விழுந்தன.

"பாருங்க அங்கிள், இந்த சைடுல இருக்கிறதெல்லாம் சாகப்போற செல். மைக்ராஸ்கோப்ல பாத்தா ஏக்தம் டீக் டாக், நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ளே ஆர்டர் ஆயிடுச்சு. உங்க டைம்ல இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஆட்டை வச்சு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  பிரியாவால் இதைப் படிக்க முடியாது. படிக்க முடிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம்தான். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பெரும்பாலும் கொழுப்பு, இரண்டு அடுக்காக. செல்லுக்குச் சாவு இரண்டு விதம். அடிபட்டோ வெந்தோ சாவது ஒன்று. அதில் சவ்வு கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். மற்றது, உடம்பே "உன் வேலை முடிந்தது, போ" என்று உத்தரவு போட, செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்வது. அதில் சவ்வு அவ்வளவு லேசில் கிழியாது. கொதிக்கும் கூழ்போல அங்கங்கே கொப்புளம் விடும், அவ்வளவுதான். உள்ளடுக்கில் இருக்க வேண்டிய ஒரு கொழுப்பு வெளியடுக்குக்குப் புரண்டு வருமாம். பிரியாவின் இயந்திரம் பார்ப்பது அதைத்தான். எண்பதுகளில் அந்தப் புரளலைப் பார்க்க எங்களிடம் வழி இல்லை.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், வளர்ந்தது தாராவி. என் தாய்மாமா சாகுல் அமீது அங்கே ஆட்டுத்தோலை வாங்கி உப்புப் போட்டு வைக்கும் பட்டறை நடத்தினார். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல் நானும் அந்தப் பட்டறையில் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் வெடிப்பு வந்து, வெடிப்பில் உப்பு இறங்கி, சோற்றைப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு லட்சியம் கிடையாது.

ஆராய்ச்சி நிலையத்து இன்டர்வியூவில், பிரிவை நடத்திய டாக்டர் அலமேலு என்னிடம் பாடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "தேவ்னார் கசாப்புக் கூடத்துல உனக்கு யாரையாவது தெரியுமா?" என்றுதான் கேட்டார். மாமா தோல் எடுப்பதே அங்கேதான்; கதவில் நிற்கும் ஆள் முதற்கொண்டு தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. தற்காலிக வேலை. ப்ராஜெக்ட் இருக்கும்வரை நானும் இருப்பேன்.

எங்களுக்குத் தேவைப்பட்டது செம்மறிக் குட்டியின் தைமஸ் சுரப்பி. கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும் சதை. குட்டிப் பருவத்தில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிவிடும். அதைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, உப்புநீர்க் குடுவையில் போட்டு, ஐஸ் பெட்டியில் புதைத்து, பஸ் பிடித்து வர வேண்டும். லேபில் கொழுப்பை ஒதுக்கி, கத்தரியால் பொடியாக நறுக்கி, நைலான் வலையில் வைத்துத் தேய்த்தால் செல்கள் பால்போல இறங்கும். மெல்லத் தேய்க்க வேண்டும். அழுத்தினால் சவ்வு கிழிந்துவிடும். எனக்கு அது கை வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது.

இறங்கிய பாலில் ஒரு துளி எடுத்து நீலச் சாயம் கலந்து, கோடு கிழித்த கண்ணாடியில் விட்டு எண்ணுவோம். உயிருள்ள செல்லின் சவ்வு சாயத்தை உள்ளே விடாது, வெள்ளையாகப் பளபளக்கும். செத்த செல் நீலமாகிவிடும். வெள்ளை எத்தனை, நீலம் எத்தனை. என் பிழைப்பே அந்தக் கணக்கில்தான் ஓடியது.

அலமேலு மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் பரம்பரையாக இருக்கும் ஐயர் குடும்பம். வீட்டில் பூண்டுகூட வாங்க மாட்டார்கள் என்று ஸ்டோர்ஸில் இருந்த நாகர்கோவில்காரர் தேவசகாயம் சொல்வார். அவருக்கு நிலையத்தில் எல்லார் வீட்டுச் சமையலும் தெரியும். ஆனால் மேடம் அந்தச் சதையை இடுக்கியில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது நகைக்கடையில் கல் பார்ப்பதுபோல இருக்கும். முகத்தில் ஒரு சுளிப்பு வராது. பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கூடவே நறுக்குவார். மத்தியானம் தயிர்ச்சோற்று டப்பாவுடன் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வருவார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் "மறுபடி பண்ணலாமா, மைதீன்?" என்பார். திட்டிவிட்டாலே தேவலை என்றிருக்கும். "மேடம், எனக்கு என்னமோ இப்படித் தோணுது" என்று ஆரம்பித்தால், "தோணறதை ஆத்துல வெச்சுட்டு வா. கண்ணுல பட்டதைச் சொல்லு" என்பார். நான் எண்ணிய ஒவ்வொரு கண்ணாடியையும் அவரும் ஒரு முறை எண்ணுவார். சந்தேகத்தால் இல்லை. தன் கணக்கை என்னையும் அப்படித்தான் எண்ணச் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் செல்களில் ஸ்டீராய்டு மருந்தை விட்டு வைத்தோம். அந்த மருந்து பட்டால் தைமஸ் செல் செத்துப்போகும் என்று மேடம் சொல்லியிருந்தார். சில மணி நேரம் கழித்து எண்ணினேன். எல்லாம் வெள்ளை. ஒன்றுகூட நீலம் ஏறவில்லை என்றே சொல்லலாம்.

"மருந்து வேலை செய்யல மேடம். எல்லாம் உயிரோட இருக்கு" என்றேன்.

"அப்படியா?" என்றார். அவ்வளவுதான். பிறகு அந்தச் செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் மரபு இழையை, அதாவது டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டச் சொன்னார். ஜெல் என்பது கடற்பாசிப் பொருளில் வார்த்த கண்ணாடித் தகடு மாதிரியான ஒன்று. மின்சாரம் விட்டால் இழை அதில் நகரும். நல்ல செல்லின் இழை நீளமானது, நகர முடியாமல் மேலேயே ஒரே தடித்த பட்டையாக நின்றுவிடும். புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தபோது பட்டையைக் காணோம். மேலிருந்து கீழ்வரை ஏணிப்படி மாதிரி கோடு கோடாக ஒளிர்ந்தது.

"உள்ளே இருக்கற நூலையெல்லாம் துண்டு துண்டா நறுக்கியாச்சு. வெளியே தோல் மட்டும் பளபளன்னு இருக்கு" என்றார் மேடம். "நீ எண்ணினியே, அது பூரா பிணம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை நாள் கண் வலிக்க எண்ணி, உயிரோடு இருக்கிறது என்று நான் சர்டிபிகேட் கொடுத்ததெல்லாம் பிணம். அன்று சாயங்காலம் ரயிலில் எதிர் சீட்டுக்காரர்களைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

மேடத்தின் ஆராய்ச்சி அந்தச் சவ்வைப் பற்றியது. சாவதற்கான உத்தரவு வந்ததும் வெளியிலிருந்து கால்சியம் சவ்வைத் தாண்டி உள்ளே வருகிறது. அது வந்தால்தான் நூலை நறுக்கும் கத்தரி ஓடும் என்பது அவர் எண்ணம். அப்படியானால் சவ்வை மாற்றிப் பார்க்கலாமே? செல்களைக் கொலஸ்ட்ராலில் ஊறவைத்தால் சவ்வு இறுகிவிடும். இறுகிய சவ்வு கால்சியத்தை எளிதில் விடாது. அப்போது உத்தரவு வந்தாலும் நிறைவேறாது. செல் பிழைக்கும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சொன்னது அப்படியே நடந்தது. மருந்து விட்ட சாதாரணச் செல்லில் ஏணி. சவ்வு இறுகிய செல்லில் தடித்த பட்டை. மருந்தே விடாத செல்லிலும் பட்டை. மருந்து விடாததை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று என்று எப்போதும் கூடவே வைப்போம். அது ஒழுங்காக இருந்தால்தான் மற்றதெல்லாம் செல்லும். டெல்லியிலிருந்து ஒரு குழு வரும், அவர்கள் முன்னால் இதைக் காட்டினால் ப்ராஜெக்ட் நீளும், இல்லையென்றால் பிரிவை மூடிவிடுவோம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். மூடினால் மேடத்துக்கு அறை போகும். பத்து வருஷ உழைப்பு போகும். நான் உப்புப் பட்டறைக்குப் போவேன்.

மழை பிடித்தது. மழையோடு சனியனும் பிடித்தது. மருந்தே விடாத செல்களில் ஏணி வர ஆரம்பித்தது. சவ்வு இறுகிய செல்லிலும் ஏணி. எதைத் தொட்டாலும் ஏணி. நீலச் சாயத்தில் பார்த்தால் எல்லாம் வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. சில மணி நேரத்தில் ஜெல்லில் போட்டால் பிணம்.

தண்ணீரை மாற்றினோம். கண்ணாடிப் பாத்திரம் முழுவதையும் அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினோம். மருந்துப் புட்டிகளை மாற்றினோம். மாற்றுவதற்கு மிஞ்சியது நான்தான். "மைதீன், நாளைக்கு நீ எடுக்கறச்சே நானும் வரேன்" என்றார் மேடம். என் கையில்தான் கோளாறு என்று நினைக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. 

அந்த வருஷம் பக்ரீத் மழைக்காலத்தில் வந்தது. பண்டிகைக்கு முன்பு தேவ்னாரில் நிற்க இடம் இருக்காது. ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரி லாரியாக ஆடு வந்து இறங்கும். மேடம் குடையுடன் சேற்றில் நின்றார். ஒரு லாரியின் பின்கதவைத் திறந்தார்கள். நாலைந்து நாளாக நின்றுகொண்டே வந்த ஆடுகள். சில இறங்க மாட்டேன் என்று ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சிலவற்றால் இறங்க முடியவில்லை. ஒரு செம்மறிக் குட்டி கூட்டத்தோடு தள்ளப்பட்டு மேடத்தின் காலடியில் வந்து விழுந்தது.

அவர் குடையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். குட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. மழை அவர் முதுகில் கொட்டியது. நிமிர்ந்தபோது பேயறைந்த முகம்.

"இதைத் தொட்டுப் பாரு" என்றார்.

தொட்டேன். இதயம் அடிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாம புட்டியிலேர்ந்து ஊத்தறோமே, அந்த ஸ்டீராய்டு, பயந்தா உடம்பிலேயே ஊறும். இத்தனை நாள் பயந்திருக்கு. உத்தரவு எப்பவோ போயாச்சு. நீ கொண்டு வர்றது எல்லாம் பாக்க வெள்ளையா இருக்கும். கத்தி படறதுக்கு முன்னாடியே அதுக்கு முடிஞ்சுபோச்சு. அப்புறம் சவ்வை இறுக்கி என்ன பிரயோஜனம்?"

என் கையில் கோளாறு இல்லை என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிறு வயதிலிருந்து அந்த இடத்துக்குப் போகிறவன் நான். ஆடு கத்துவது என் காதில் விழுந்ததே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டது.

இரவுச் சோற்றின்போது மாமாவிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னலே சொல்லுத? கத்தி படுறதுக்கு முன்னயே செத்துப்போச்சுன்னா அது ஹராம்லாலே! அப்ப நாம இத்தன நாளா தின்னது?"

 மாமா அன்று கறியைத் தொடவில்லை. மறுநாள் மேடத்திடம் போய் மாமா கேட்டதைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு சிரித்தே விட்டார்.

"ஆடு உயிரோடதான் இருக்கு, மைதீன். அதோட ஒரு சுரப்பியில கொஞ்சம் செல்லுக்கு உத்தரவு வந்திருக்கு, அவ்வளவுதான். உன் உடம்புலயும் என் உடம்புலயும் இந்த நிமிஷம் எத்தனையோ செல் இப்படிச் செத்துண்டுதான் இருக்கு. நாம பிணமா? மாமாவைச் சாப்பிடச் சொல்லு."

மாமாவுக்கு மனது ஆறியது. ஆனால் மானம் ஆறவில்லை. "பயந்த ஆட்டைத்தான டாக்டரம்மா பாத்தாக? நம்ம கிடாயைப் பாக்கச் சொல்லு" என்றார். குர்பானிக்கென்று ஓர் இளம் செம்மறிக் கிடாவை அவர் வீட்டோடு வளர்த்துக்கொண்டிருந்தார். அது பிள்ளைகளுடன் பாயில் படுத்துத் தூங்கும். பக்ரீத் அன்று காலை தொழுகை முடிந்து வந்ததும், முறைப்படி அதற்குத் தண்ணீர் காட்டி, கத்தியை அதன் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மாமாவே அறுத்தார். குர்பானியில் எதையும் விற்கக் கூடாது. பங்கு வைத்துக் கொடுக்கத்தான் வேண்டும். "இது டாக்டரம்மா பங்கு" என்று சுரப்பியை என் குடுவையில் போட்டார்.

கையளவு பெரிதாக இருந்தது அது. மேடம் பண்டிகை நாளிலும் லேபில் காத்திருந்தார். மருந்து விடாத செல்லில் பட்டை. மருந்து விட்டதில் ஏணி. சவ்வு இறுகியதில் பட்டை. குளிர்காலத்தில் பார்த்ததைவிடத் துல்லியம்.

குழு வந்தது. மேடம் படங்களைக் காட்டினார். மழைக்கால ஏணிகளையும் மறைக்காமல் காட்டினார். "நன்றாக வந்திருக்கும் இந்தச் சுரப்பி எங்கிருந்து?" என்று ஒருவர் கேட்டார். சந்தையிலிருந்து என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மேடம் உள்ளது உள்ளபடி சொன்னார்.

"குர்பானி கா பக்ரா?" என்றார் டைரக்டர். முகம் சுண்டிவிட்டது. நான் சுவரோரமாக ஸ்லைடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு விலங்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பயப்படாத ஆடு இன்னும் மூன்றில் இதையே செய்து காட்டுங்கள், மூன்றில் ஒன்று பிசகினாலும் மூடிவிடலாம் என்று முடிவானது.

பயப்படாத ஆட்டுக்கு எங்கே போவது? மாமா கல்யாணுக்கு அப்பால் ஒரு மந்தையில் பார்த்து மூன்று செம்மறிக் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார். நிலையத்தின் பின்புறம் ஒரு ஷெட்டில் கட்டினோம். டெம்போவில் வந்த பயத்தில் மூன்றும் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. இப்போது எடுத்தால் பழைய கதைதான், பயம் தெளிந்து சுரப்பி தேற வேண்டும் என்றார் மேடம். மயக்க ஊசி போட்டு எடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன்.

"மயக்க மருந்து எங்கே போய் வேலை செய்யும்னு நினைக்கிறே? சவ்வுக் கொழுப்புக்குள்ளேதான் போய்க் கரையும். நாம பாக்க வந்ததே சவ்வைத்தான். அதுல போய்க் கை வெக்கலாமா?"

ஆக, கத்திதான். கத்தி வரும்வரை பயமே இருக்கக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதை மேடமே செய்தார்.

தினமும் காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு அகத்திக்கீரையுடன் வருவார். அமாவாசைக்குப் பசுவுக்குக் கொடுக்க அங்கே வாங்குவார்கள். கீரைக்காரி "பசு மாட்டுக்காம்மா?" என்று கேட்பாளாம், இவர் பதில் சொல்லாமல் வாங்கி வந்துவிடுவாராம். முதல் வாரம் கீரையை வைத்துவிட்டு எட்டி உட்கார்ந்தார். அப்புறம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மழைக்காலம் முடிவதற்குள் ஷெட் கதவு திறந்த சத்தம் கேட்டாலே மூன்றும் கத்திக்கொண்டு ஓடி வந்து அவர் புடவையை இழுத்தன. ஒன்றுக்கு ஒரு காது மட்டும் கறுப்பு. நான் அதற்குப் பேர் வைக்கப் போனேன். "பேர் வெக்காதே" என்றார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்" என்று தேவசகாயம் கேன்டீனில் வைத்துச் சொன்னார். "ஆடு கசாப்புக் கடைக்காரனத்தான் நம்பும்னு சும்மாவா சொன்னாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் கொலைவெறி வந்தது. ஆனால் அவர் சொன்னதில் எந்த இடம் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதல் ஆடு ஒழுங்காக முடிந்தது. பட்டை, ஏணி, பட்டை. சில நாள் இடைவெளி விட்டு இரண்டாவது. அதுவும் சரி. சிக்கல் மூன்றாவதில்தான் வந்தது. கறுப்புக்காது தனியாகிவிட்டது. செம்மறி தனியாக இருக்காது. துணை போனால் கதறும், தின்னாது. ஷெட்டை முட்டி முட்டிக் கத்தியது. நான் மேடத்திடம் ஓடினேன்.

"முடிஞ்சுது மேடம். இது பயந்துபோச்சு. இதுல ஏணிதான் வரும்."

அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவர் அறை அதுதான். கட்டுரைகளை அங்கேதான் படித்தார். தயிர்ச்சோற்றை அங்கேதான் சாப்பிட்டார். டைரக்டர் ஒரு நாள் ஃபைலுடன் தேடி வந்து, வைக்கோல் நடுவில் அவரையும், அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த ஆட்டையும் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தவர் திறந்தபடியே திரும்பிப் போனார். ஆடு மறுபடி தின்ன ஆரம்பித்தது. அப்புறம் கத்தவும் இல்லை. மேடம் வீட்டுக்குப் போகும்போது மட்டும் வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்கும். சுரப்பி பழையபடி தேறட்டும் என்று அவர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, கத்தியைத் துணியில் சுற்றி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கறுப்புக்காது காலை ஊன்றிக்கொண்டது. கண் உருண்டது.

"விட்டுடு, மைதீன்" என்றார் மேடம். கயிற்றை அவிழ்த்தார். "வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். அது அவர் பின்னாலேயே, புடவைத் தலைப்பை மோந்துகொண்டு, வந்தது.

மாமா தண்ணீர் வைத்தார். குடித்தது. மாமா கத்தியைச் சுற்றிய துணியை அவிழ்க்காமலே வைத்திருந்தார். ஆயிரம் ஆடு பார்த்த மனுஷர். "டாக்டரம்மா, நீங்க போயிருங்க. இனி நான் பாத்துக்கிடுதேன்."

"நான் போனா அது தேடும், பாய்" என்றார் மேடம். மண்ணில் உட்கார்ந்தார். அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கண்ணை மறைத்தார். அது ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அசையாமல் கிடந்தது. மாமா பிஸ்மில்லா சொன்னார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். குடுவையை நீட்ட வேண்டிய நேரத்தில்தான் திரும்பினேன்.

சுரப்பி முழுசாக, பெரிதாக இருந்தது. நறுக்கினோம், தேய்த்தோம், எண்ணினோம். வெள்ளை. வெள்ளையை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஜெல் ஓடி முடியும்வரை நான் உட்காரவில்லை. மேடம் வேறு புடவை மாற்றிக்கொள்ளாமல் அதே கறையுடன் ஸ்டூலில் இருந்தார்.

விளக்கைப் போட்டேன். மருந்து விட்டதில் ஏணி. சவ்வு இறுகியதில் பட்டை. மருந்து விடாத செல்லில், மேலே, அசையாமல், கெட்டியாக ஒரே ஒரு பட்டை. கீழே ஒரு துண்டுகூட இல்லை. நான் கத்தியே விட்டேன். "வந்துருச்சு மேடம்! தப்பிச்சோம்! ஒரு செல்லுக்குக்கூட உத்தரவு போகல!"

மேடம் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிரிவு பிழைத்துவிட்டது, என் வேலை நிலைத்துவிட்டது, அவர் பத்து வருஷமாகச் சொன்னது நிரூபணமாகிவிட்டது. நான் அவர் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாம்" என்றார், அந்தப் பட்டையின் மேல் விரலை வைத்து. "கடைசி நிமிஷம் வரைக்கும் அது என்னைச் சந்தேகப்படவே இல்லே."